நோயுற்ற கலத்திற்குத் துறை எது?

கலம், நாவாய், வங்கம், தோணி, ஓடம், மரக்கலம் எனக் கடலூர்திகளுக்குத் தமிழில் பெயர்கள் பல. அவை அனைத்தும் ஏதேனும் ஒரு வினை முடிக்கச் சென்றவை. மிளகும் முத்தும் ஏற்றிச் சென்றன, குதிரைகளைக் கொணர்ந்தன, மீன் பிடித்தன, பினாங்குக்கும் இரங்கூனுக்கும் வணிகரையும் தொழிலாளரையும் கொண்டு சேர்த்தன, ஹஜ்ஜுக்குச் செல்வோரை ஜித்தாவில் இறக்கின. ஓரிடத்தை அடைய வேண்டும் என்பதின்றிச் செல்வதற்கென்றே செல்லும் கப்பலை நம் முன்னோர் அறியார். ஆதலின் அதற்குத் தனிப்பெயர் இட்டிலர். இன்று நாம் அதனை உல்லாசக் கப்பல் என்றும் சொகுசுக் கப்பல் என்றும் வழங்குகிறோம். பெரும்பாலும் அது புறப்பட்ட துறைக்கே திரும்பி வருகிறது. உண்ணலும் உறங்கலும் ஆடலும் பாடலுமே அது சுமக்கும் சரக்கு.

2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபொழுது, முதன்முதலாக அடிவாங்கிய தொழில்களுள் இதுவும் ஒன்று. இனி எவரேனும் இக்கப்பல்களில் ஏறுவரோ என்னும் ஐயம் அன்று பரவலாக எழுந்தது. அவ்வையம் பொய்த்தது. கப்பல் நிறுவனங்களின் உலகச் சங்கம் தரும் கணக்கின்படி 2019-இல் இவ்வாறு பயணம் செய்தோர் ஏறத்தாழ 2 கோடியே 97 இலட்சம் பேர். 2021-இல் அத்தொகை 48 இலட்சமாகச் சுருங்கியது. 2023-இலோ 3 கோடியே 17 இலட்சமாகவும், 2024-இல் 3 கோடியே 46 இலட்சமாகவும் பெருகிற்று. கூட்டம் திரும்பிவிட்டது, கப்பல்களும் முன்னினும் பெரியனவாகக் கட்டப்படுகின்றன.

ஆயினும் இத்தொழிலின் எதிர்காலம் உறுதிப்பட்டுவிட்டது என நாம் கருதவில்லை. நோயுற்ற கலத்தை எந்தத் துறை ஏற்கும், அதில் உழைப்போரை யார் வீடு கொண்டு சேர்ப்பார் என்னும் இரு கேள்விகள் 2020-இல் எழுந்தன. அவற்றுக்கு அன்று அரைகுறையாகக் கண்ட விடைகளும், கூட்டம் திரும்பியவுடன் மூட்டை கட்டி வைக்கப்பட்டன. மீண்டும் ஒரு பெருந்தொற்று வருமாயின் அதே கேள்விகள் அதே கடலில் மிதக்கும் என்பதே நம் அச்சம்.

அடைபட்டோரும் அடைபடாதோரும்

‘டயமண்ட் பிரின்சஸ்’ என்னும் கப்பல் 2020 ஜனவரி 20-ஆம் நாள் ஜப்பானின் யோக்கோஹாமாத் துறையினின்று புறப்பட்டது. 25-ஆம் நாள் ஹாங்காங்கில் இறங்கிய பயணி ஒருவருக்கு நோய் இருப்பது பிப்ரவரி முதல் நாளில் உறுதியாயிற்று. 3-ஆம் நாள் இரவு கப்பல் யோக்கோஹாமாவுக்கு மீண்டது. கரையிறங்க எவரும் விடப்படவில்லை. 5-ஆம் நாள் முதல் பயணியர் தத்தம் அறைக்குள்ளேயே இருக்குமாறு பணிக்கப்பட்டனர். கப்பலில் இருந்தோர் 3,711 பேர். பயணியர் 2,666, ஊழியர் 1,045. நோய் கண்டோரின் தொகை இறுதியில் 712 ஆயிற்று. பதின்மருக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். சீனாவுக்கு வெளியே ஓரிடத்தில் இத்துணைப் பேரை இந்நோய் பற்றியது அந்நாளில் வேறெங்கும் இல்லை.

மருத்துவ உலகம் அக்கப்பலால் கற்றது மிகுதி. ஏறியோர் இத்தனை பேர், இறங்கியோர் இத்தனை பேர் என்னும் கணக்கு ஐயமின்றித் தெரிந்த இடம் அது. எல்லாரையும் சோதித்துப் பார்த்ததில், நோய்க்கிருமி உடலில் இருந்தும் சோதனையின்போது எவ்வித அறிகுறியும் இல்லாதிருந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேர் என்பது வெளிப்பட்டது. காய்ச்சல் உடையவனை மட்டும் விலக்கிவிட்டால் போதும் என்னும் பழைய நம்பிக்கை அங்கேதான் தகர்ந்தது.

நம் கருத்தில் மிகுதியும் நிற்பது வேறொரு செய்தி. பயணியர் அறைக்குள் இருந்தனர். அவர்களுக்கு வேளைதோறும் உணவு கொண்டு சென்றவர் யார்? குப்பை அகற்றியவர் யார்? சமைத்தவர் யார்? ஊழியரே. இருவருக்கு ஓர் அறையெனப் பகிர்ந்து உறங்கி, பொது உணவுக்கூடத்தில் ஒன்றாக உண்டு, தளந்தோறும் நடந்து அவர்கள் பணிசெய்தனர். பயணியருக்கு ஒதுக்கம் விதிக்கப்பட்டது. ஊழியருக்கு அவ்வாறு ஒதுங்கும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியரை நோய் பற்றியது. அக்கப்பலில் இருந்த இந்தியர் 138 பேர். அவர்களுள் பயணியர் அறுவர் மட்டுமே, எஞ்சிய 132 பேரும் ஊழியர். தமிழக இளைஞரும் அவருள் இருந்தனர். பிப்ரவரி 27-ஆம் நாள் இந்திய அரசு அனுப்பிய வானூர்தி 119 இந்தியரைத் தில்லிக்குக் கொணர்ந்தது. நோயுற்ற 16 பேர் ஜப்பானிய மருத்துவமனைகளில் இருந்தனர்.

அக்கப்பலுக்கு யார் பொறுப்பு என்று வினவுவோமாயின் தலை சுற்றும். அது பறக்கவிட்ட கொடி பிரிட்டனது. நடத்திய நிறுவனம் அமெரிக்காவில் இருந்து இயங்குவது. நின்ற நீர் ஜப்பானுடையது. அதில் இருந்தோர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டினர். கடலில் கப்பல் மீது ஆட்சியுரிமை கொடிக்குரிய நாட்டுக்கே என்பது பன்னாட்டுச் சட்டம். ஆனால் நோயாளியைப் படுக்கவைக்கும் கட்டில் கொடிக்குரிய நாட்டில் இருந்து பயனில்லை. அருகிலுள்ள கரையில் இருத்தல் வேண்டும். ஜப்பான் பல மாவட்டங்களின் மருத்துவமனைகளில் அந்நோயாளரை ஏற்றது. அதன் ஒதுக்க நடைமுறையைப் பலர் குறைகூறினர், குறைகளும் இருந்தன. எனினும், கடலுக்கே திரும்பிப் போ என்று அது சொல்லவில்லை. அடுத்து நடந்தவற்றைப் பார்க்கும்போது இதன் அருமை விளங்கும்.

துறைதோறும் அலைந்தவை

‘வெஸ்டர்டாம்’ என்னும் கப்பல் 2020 பிப்ரவரி முதல் நாளில் ஹாங்காங்கினின்று புறப்பட்டது. பிலிப்பைன்சு, தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து என ஐந்து இடங்களில் அதற்குத் துறை மறுக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுமந்து அலைந்த அக்கப்பலைப் பிப்ரவரி 13-ஆம் நாள் கம்போடியா தன் சிகனூக்வில் துறையில் ஏற்றது. அந்நாட்டுப் பிரதமராயிருந்த உன் சென் நேரில் வந்து பயணியரை வரவேற்றார். அதில் அரசியல் நோக்கம் உண்டு என்றனர், இருக்கலாம். அக்கப்பலில் அந்நோய் இருந்ததென்று இறுதிவரை உறுதிப்படவில்லை என்பதே நோக்கத்தக்கது. நோயில்லாத கலத்தை ஐந்து துறைகள் அஞ்சி விலக்கின.

சிட்னியில் இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. மார்ச் 19-ஆம் நாள் ‘ரூபி பிரின்சஸ்’ கப்பலினின்று ஏறத்தாழ 2,700 பயணியர், நோயுற்றோரின் சோதனை முடிவு வருமுன்னரே இறங்கிச் செல்ல விடப்பட்டனர். அறுநூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 28 பேர் இறந்தனர். நியூ சவுத் வேல்சு மாநிலம் அமைத்த விசாரணை ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் நலவாழ்வுத் துறையின் பிழைகளைக் கடுமையாகச் சுட்டியது. 2023 அக்டோபரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் கப்பல் நிறுவனத்தின் கவனக்குறைவையும் தீர்ப்பாக உரைத்தது. ஒரு கரையில் வேண்டாத அச்சம், மற்றொரு கரையில் வேண்டாத துணிவு. எந்தக் கப்பலை எப்படி ஏற்பது என்னும் முறை முன்னரே எழுதி வைக்கப்பட்டு எல்லாரும் அறிந்ததாய் இருந்திருப்பின் இரண்டும் நேர்ந்திரா.

இவற்றினும் துயரமானது ‘சாண்டாம்’ கப்பலின் கதை. மார்ச் 7-ஆம் நாள் புவனோஸ் ஐரிசினின்று புறப்பட்டது அது. தென்னமெரிக்கத் துறைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. சிலியில் முடிய வேண்டிய பயணம் முடியவில்லை. பனாமாவுக்கு அப்பால் நிற்கையில் நால்வர் இறந்தனர். துணைக்கு வந்த ‘ரோட்டர்டாம்’ கப்பலுக்கு, நோய்க்குறி இல்லாத பயணியர் கடல் நடுவே மாற்றப்பட்டனர். கால்வாயைக் கடக்க முதலில் மறுப்பும் பின்னர் இசைவும் கிடைத்தன. புளோரிடா மாநில ஆளுநர் முதலில் எதிர்ப்புத் தெரிவித்தார்; இறுதியில் ஏப்ரல் 2-ஆம் நாள் இரு கப்பல்களும் அங்குத் துறை பிடித்தன. உல்லாசக் கப்பல் தொழிலின் தலைநகர் எனத்தக்க மாநிலம் புளோரிடா. ஆண்டுதோறும் அத்தொழிலால் பொருள் ஈட்டிய கரையே அத்தொழிலின் நோயாளியை ஏற்கத் தயங்கிற்று.

கியூபாவின் செயல் வேறுவகை. பிரிட்டானியப் பயணியர் பலரைக் கொண்ட ‘பிரேமர்’ கப்பலில் சிலருக்கு நோய் உறுதியாகியிருந்தது. கரீபியத் துறைகள் சில அதனை ஏற்க மறுத்தன. மார்ச் 18-ஆம் நாள் கியூபா தன் மாரியல் துறையைத் திறந்து, பயணியரை வானூர்திகளுக்கு மாற்றி அனுப்பியது. பொருளாதாரத் தடையால் நலிந்த சிறிய நாடு அது. செல்வமிக்க கரைகளுக்கு இயலாதது அதற்கு இயன்றது எவ்வாறு என்பதை அரசியல் அறிவியல் பயிலும் மாணவர் ஆராயலாம்.

துறை மறுத்தோரை மட்டும் பழித்தல் முறையன்று. ஒரு சிறு தீவின் மருத்துவமனையில் மூச்சுக்கருவிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாயிருக்க, மூவாயிரம் பேரைச் சுமந்த கலம் ஒன்று வாயிலில் வந்து நின்றால், அத்தீவின் மக்களைக் காக்கும் பொறுப்புடைய அரசு என்செய்யும்? 2020 மார்ச்சில் இந்தியத் துறைமுகங்களும் வெளிநாட்டு உல்லாசக் கப்பல்களுக்கு அடைக்கப்பட்டவைதாம். ஏற்போம் என்பதற்கும் மறுப்போம் என்பதற்கும் இருபுறமும் நியாயம் உண்டு. நியாயமற்றது, அந்த நெருக்கடியின்போதுதான் அதனைத் தீர்மானிக்கத் தொடங்குவது.

கமரான் தீவு

இச்சிக்கல் நம் காலத்துக்கே உரியதன்று. கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கப்பல்களை ஒதுக்கி நிறுத்தும் முறை ஐரோப்பாவில் பதினான்காம் நூற்றாண்டிலேயே உண்டு. இன்று குரோவேசியாவில் டுப்ரோவ்னிக் என வழங்கும் நகரம் 1377-இல் முப்பது நாள் ஒதுக்கத்தை விதித்தது. பின்னர் அது நாற்பதாயிற்று. நாற்பது என்னும் இத்தாலியச் சொல்லே குவாரண்டைன் ஆயிற்று என்பது மாணவர் அறிந்ததே. கப்பலில் நோய் என்பதற்கு மஞ்சள் கொடி ஒரு காலத்தில் அடையாளம். இன்று அதே மஞ்சள் கொடி, என் கலம் நலமாக உள்ளது, உள்ளே வர இசைவு தருக எனக் கேட்கும் குறியாக மாறியிருப்பது ஒரு விந்தை.

நம் சமுதாயப் பெரியோர்க்கு இவ்வரலாற்றில் நெருங்கிய தொடர்பு உண்டு. 1865-இல் ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவில் வாந்திபேதி பரவிற்று. திரும்பிய பயணியருடன் அது சூயெசு வழியாக எகிப்துக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றது. மறு ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பன்னாட்டு மாநாடு, செங்கடல் வழியில் பயணியரை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. ஏமன் கரையை அடுத்த கமரான் தீவில் 1882 முதல் உதுமானிய அரசு ஒதுக்க நிலையம் நடத்தியது. இந்தியாவினின்றும் கீழை நாடுகளினின்றும் வந்த ஹாஜிகள் ஆயிரக்கணக்கில் அங்கு இறக்கப்பட்டு, துணிகள் வேகவைக்கப்பட்டு, நாள்கள் எண்ணி, பின்னர் ஜித்தாவுக்கு விடப்பட்டனர். அதற்குரிய கட்டணமும் அவர்களிடமே பெறப்பட்டது. முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டானியர் அதனை ஏற்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நடத்தினர். மும்பையினின்று கப்பலில் ஹஜ் செல்லும் வழக்கமே 1995-இல் முடிவுற்றது. அவ்வாறு சென்று வந்த பெரியோர் சிலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரும் இவ்வகை ஒதுக்கத்தை அறிவர். இராமேசுவரத்துக்கு அண்மையில் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் பல நாள் நிறுத்தப்பட்ட பின்னரே அவர்கள் கடல் கடந்தனர். மண்டபம் கேம்ப் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது.

கமரானைப் போற்றுவது நம் நோக்கமன்று. அடித்தளப் பயணியரை மந்தைபோல் நடத்திய நிலையம் அது. நோய்த்தடுப்பு என்னும் பெயரால் ஏழை முஸ்லிம் பயணியரை ஐரோப்பிய வல்லரசுகள் ஐயத்தோடு நோக்கிய காலத்தின் சின்னம் அது. எனினும், ஹாஜிகளை ஏற்றிய கப்பலின் தலைவனுக்கு ஒன்று தெரியும்: தன் கலத்தில் நோய் கண்டால் எங்கே செல்லவேண்டும் என்பது. அங்கு மருத்துவர் உண்டு, தங்கும் குடில் உண்டு, விடுவிக்கும் நாள் கணக்கு உண்டு. 2020-இல் ‘சாண்டாம்’ கப்பலின் தலைவருக்கு, செயற்கைக்கோள் தொடர்பும் திரையரங்கும் நீச்சல் குளமும் கொண்ட கப்பலில் இருந்தும், அது தெரியவில்லை. நூற்றாண்டுகால வளர்ச்சியில் நாம் எதனையோ தொலைத்திருக்கிறோம்.

வெற்றுக் கப்பல்களில் இருந்தோர்

பயணியர் ஒருவழியாக வீடு சேர்ந்தபின் உலகின் கவனம் அகன்றது. ஊழியர் கப்பலிலேயே இருந்தனர். 2020 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டுக் கரைகளை ஒட்டி ஏறத்தாழ நூறு கப்பல்களில் 80,000 ஊழியர் இருந்தனர். அவர்கள் பொது வானூர்திகளில் ஏறலாகாது, தனி ஊர்திகளிலேயே அனுப்பப்பட வேண்டும் என்பது அம்மையத்தின் விதி. செலவு மிகுதி என்று நிறுவனங்கள் தயங்கின. நாள்கள் திங்களாயின. ஒப்பந்தம் முடிந்தோர் பலருக்கு ஊதியமும் நின்றது. மணிலா விரிகுடாவில் மே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உல்லாசக் கப்பல்கள், சொந்த நாட்டின் கரை கண்ணுக்குத் தெரிய, சோதனைக்குக் காத்திருந்தன. சிலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்னும் செய்திகளும் அந்நாளில் வந்தன.

நம் நாட்டவர் நிலையும் அதுவே. ‘மரெல்லா டிஸ்கவரி’ என்னும் கப்பலில் இருந்த இந்திய ஊழியர் ஏறத்தாழ 145 பேர், ஊரடங்கின் காரணமாக மும்பைக்கு அப்பால் காத்திருந்து, உள்துறை அமைச்சகம் நடைமுறை வகுத்தபின் ஏப்ரல் 23-ஆம் நாளில்தான் கரையிறங்கினர். சரக்குக் கப்பல்களையும் சேர்த்துப் பார்த்தால், 2020-இன் இறுதியில் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க இயலாதிருந்த கடலோடிகள் 4 இலட்சம் பேர் எனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது.

பணக்காரரின் பொழுதுபோக்கு ஒழிந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நம்மிடையே சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நம் விடை இந்த ஊழியரே. மேல்தளத்தில் சாய்ந்து கடல் காண்பவர் ஒருவாரம் இருந்து செல்கிறார். கீழ்த்தளத்தில் பாத்திரம் துலக்குபவர் எட்டு, ஒன்பது திங்கள் அங்கேயே வாழ்கிறார். அவர் அனுப்பும் பணத்தில் கோவாவிலும் கேரளத்திலும் தமிழகத்திலும் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் வீடுகள் எழும்புகின்றன. தங்கையர்க்குத் திருமணம் நடக்கிறது. கரையிலும் அவ்வாறே. அலாஸ்காவில் ஆயிரம் பேர் அளவே வாழும் ஸ்காக்வே என்னும் சிற்றூருக்கு 2019-இல் கப்பல்வழி வந்தோர் பத்து இலட்சம் பேர். கனடா தன் துறைகளை மூடியதால் அடுத்த ஆண்டு அவ்வூர்க் கடைவீதி வெறிச்சோடியது. அதே அமெரிக்காவின் தென்கோடியில் கீ வெஸ்ட் நகர மக்களோ, பெரிய கப்பல்கள் வேண்டா என்று 2020 நவம்பரில் வாக்களித்தனர். 2021-இல் மாநில அரசு அம்முடிவைச் சட்டத்தால் செல்லாததாக்கிற்று. வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் கரையில் வாழ்வோரே.

நிறுவனங்களும் அடிபட்டன. ஓடாத கப்பலுக்கும் செலவு உண்டு. 2020-இல் துருக்கியின் அலியாகா உடைதளத்தில் ‘கார்னிவல் ஃபேண்டசி’ முதலிய கப்பல்கள் வரிசையாகக் கரையேற்றி உடைக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் பெருமையோடு மும்பையில் தொடங்கிய இந்திய உல்லாசக் கப்பல் ‘கர்ணிகா’, ஈராண்டு நிறையுமுன் குஜராத்தின் அலாங்கில் பழைய இரும்பாயிற்று. பெரு நிறுவனங்கள் அமெரிக்க அரசின் உதவியை நாடியபோது ஓர் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது: அவை பனாமாவிலும் லைபீரியாவிலும் பெர்முடாவிலும் பதிவானவை; ஆதலின் பேருதவிச் சட்டத்தின் முதன்மைத் திட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. வரியைத் தவிர்க்க அயல்நாட்டை நாடியோர் துன்பத்தில் தாய்நாட்டை அழைத்தால் இவ்வாறுதான் ஆகும். இதற்கு நாம் பெரிதும் வருந்தவில்லை.

எழுதி வைக்க வேண்டியது

2020 அக்டோபர் 30-ஆம் நாள் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பிறப்பித்த நிபந்தனை ஆணை நம் மதிப்பில் மிகச் சிறந்தது. அதன்படி, கப்பல் புறப்படுமுன் நிறுவனமும் துறைமுகமும் உள்ளூர் நலவாழ்வு அதிகாரிகளும் ஓர் உடன்படிக்கை செய்தல் வேண்டும். நோயாளர் எந்த மருத்துவமனைக்குச் செல்வர், தொடர்பில் இருந்தோர் கரையில் எங்குத் தங்குவர் என்பதெல்லாம் அதில் அடங்கும். அதாவது கமரானின் கொடுமையை நீக்கி, கமரானின் தெளிவை மட்டும் கொண்டுவந்த ஏற்பாடு அது. 2021 ஜூன் 26-ஆம் நாள் அமெரிக்கத் துறையினின்று பயணியருடன் கப்பல் மீண்டும் புறப்பட்டது இந்த ஆணையின் கீழேயே. புளோரிடா மாநிலம் அதனை எதிர்த்து வழக்கிட்டது. 2022 ஜனவரியில் ஆணை காலாவதியாயிற்று; அவ்வாண்டு ஜூலையில் கப்பல்களுக்கான கொரோனாத் திட்டமே நிறுத்தப்பட்டது. தடுப்பூசி வந்து நோயின் கடுமை குறைந்தபின் சோதனைகளையும் முகக்கவசத்தையும் விட்டது சரியே. துறைமுக உடன்படிக்கையையும் உடன் கைவிட்டதுதான் பிழை. தீ அணைந்தபின் தண்ணீரை நிறுத்தலாம். தீயணைப்பு நிலையத்தை இடிப்பாருண்டோ?

பன்னாட்டு விதி இல்லையா எனின், உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் 2005-ஆம் ஆண்டு விதிகளில் 28-ஆவது விதி, நோயைக் காரணம் காட்டிக் கப்பலைத் துறையில் நுழைய விடாது தடுத்தலாகாது என்கிறது. அத்துறையில் வசதி இல்லையெனில் வசதியுள்ள அண்மைத் துறைக்கு அனுப்பலாம் என்கிறது. 2020-இல் அவ்விதி நடைமுறையில் இருந்தது. அந்த அண்மைத் துறை எது என்று எங்கும் பெயர் குறிக்கப்படவில்லை என்பதே அதன் ஓட்டை. ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைச் சுட்டியது. கடலோடிகளுக்கான உழைப்பு உடன்படிக்கையில் நல்ல திருத்தம் நிகழ்ந்துள்ளது: உடனடி மருத்துவம் தேவைப்படும் ஊழியரைத் தாமதமின்றிக் கரையிறக்க வேண்டும் என்னும் விதி 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஊழியருக்கு வந்துள்ள இவ்வுறுதி கப்பல் முழுமைக்கும் வரவேண்டும்.

கப்பல்களின் உருவமும் இதற்கு விரைவைக் கூட்டுகிறது. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ‘ஐகான் ஆப் த சீஸ்’ நிறைந்த நிலையில் 7,600 பயணியரையும் 2,350 ஊழியரையும் கொள்ளும். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். 3,711 பேர் இருந்த கலத்துக்கே யோக்கோஹாமா போன்ற மாநகரம் திணறிற்று. பத்தாயிரம் பேருடன் ஒரு கலம் கரீபியத் தீவொன்றின் முன் நின்றால் அத்தீவுக்கு என்ன ஆகும் என்பதைக் கட்டியவர்கள் கணக்கிட்டனரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் கரைக்கும் இக்கேள்வி வந்துவிட்டது. 2022 ஜனவரியில் மும்பையினின்று கோவா சென்ற இந்திய உல்லாசக் கப்பலில் 66 பேருக்கு நோய் கண்டு, கரையில் யாரை எங்கே வைப்பது என்னும் குழப்பத்துக்குப் பின் கப்பல் மும்பைக்கே திரும்பியது. அவ்வாண்டு ஜூன் 4-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தினின்று உல்லாசக் கப்பல் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். புதுச்சேரி அக்கப்பலைத் தன் கரையில் ஏற்க முதலில் மறுத்தது. காரணம் நோயன்று, கப்பலில் உள்ள சூதாட்டம் என்பது வேறு. 2023 ஜூனில் சென்னையினின்று சென்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளைத் தொட்டது. போரால் நெடுங்காலம் முடங்கியிருந்த காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் வந்தது மகிழத்தக்கதே. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட கலத்தில் நோய் கண்டால் அச்சிறு துறை என்செய்யும் என்பதை இரு நாட்டாரும் முன்னரே பேசியிருத்தல் வேண்டும்.

கப்பல் வேலையை நாடும் நம் மாணவருக்கு ஒரு சொல். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற முகவரா என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஊதியத் தொகையைப் படிப்பதோடு நிறுத்தாது, நோயுற்றால் ஊதியம் தொடருமா, வீடு திரும்பும் செலவு யாருடையது, தொடர்ந்து எத்தனை திங்கள் பணி என்பவற்றையும் படியுங்கள். இந்தியா 2015-இல் ஏற்ற உடன்படிக்கையின்படி, திரும்பும் செலவு கப்பல் உரிமையாளருடையது. தொடர்பணி பன்னிரண்டு திங்களுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும்.

துறைமுகத்தாரிடமும் நாம் கேட்பது பெரிதன்று. சென்னையில் துறைமுக நலவாழ்வு அலுவலகம் உள்ளது. கப்பல் முனையம் உள்ளது. நடந்து சென்றடையும் தொலைவில் பெரிய அரசு மருத்துவமனைகள் உள்ளன. அடுத்த உல்லாசக் கப்பலுக்கு இசைவு வழங்குமுன் இம்மூவரும் நிறுவனத்தாரும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு தாள் எழுதட்டும். நோயாளர் செல்லும் மருத்துவமனையின் பெயர் அதில் முதல் வரியாக இருக்கட்டும். ஊழியர் தங்கும் இடத்தின் பெயர் இரண்டாம் வரியாக இருக்கட்டும். செலவை ஏற்பவர் கையொப்பம் அடியில் இருக்கட்டும்.